மாஸ்டர் வாசித்த தந்தி

பதினான்கு அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியை ஒரு கடதாசி முழுதாக நிறைத்துக்கொண்டு நின்றது. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு தாயின் இரண்டு பெருவிரல்களும் அந்தக் கடதாசியின் ஓரங்களில் தெரிந்தன. நாலைந்து வரி இங்கிலீசு. புகையிலை உலர்த்துகிற கொட்டிலுக்குள், வாசலைச் சாக்கால் மறைத்துவிட்டு, நாற்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாற்பது பேரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒரேயொருவர். அவர் பெட்டிக்குப் பக்கத்தில், தோளில் சால்வையோடு நின்றார். வழக்கமாகப் படத்தில் வாய் அசைந்தவுடன் அவருடைய தமிழ் வந்துவிடும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது. "மகன் உயிரோடை இருக்கிறான் எண்டு தந்தி வந்திருக்கு," என்றார். "கப்பல் மூழ்கினது உண்மைதான். ஆனால் அவனை ஒரு தீவிலை கரையேத்தி ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம். சண்டை முடிய வீட்டை வருவான்." முன்னுக்குச் சாக்கு விரித்து, ஏழு மாத வயிற்றோடு இருந்த நான் பெருமூச்சு விட்டேன். பின்னுக்கு ஒரு பெண் விம்மியது கேட்டது. சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அவரை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் சொல்வோம். பெரிய பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புகளுக்கு இங்கிலீசு படிப்பித்தவர். வீடு எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர் எதிரே வந்தால் வேலியோடு ஒதுங்கிவிடுவேன்; அவர் "என்ன பிள்ளை, சுகமோ" என்று கேட்டால் தலையை ஆட்டுவதோடு சரி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் போய் அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய தம்பி கொழும்பில் வைத்திருந்த வீடியோக் கடையை மூடியபோது கொடுத்துவிட்ட ஒரு பெட்டிக் கசெற்றுகள் அவரிடம் இருந்தன. எல்லாம் பழைய ஹொலிவூட் படங்கள். என் அண்ணனிடம் புகையிலைக் கொட்டில் இருந்தது. யன்னல் இல்லாத மண்சுவர், பகலிலும் இருட்டு. இரவில் வெளிச்சம் தெரிந்தால் மேலே விமானம் வந்துவிடும் என்ற பயத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பகலிலேயே படம் ஓடும். ஜெனரேற்றரைப் பெற்றோல் சொட்டுவிட்டு எழுப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். அதன் இரைச்சலில் படத்தின் பேச்சு ஒன்றும் கேட்காது. கேட்டாலும் எங்களுக்கு விளங்கப்போவதில்லை. படம் என்றால் எங்களுக்கு மாஸ்டரின் குரல்தான்.

படம் தொடங்க முதல் அவர் கொஞ்சம் விளக்கம் சொல்வார். "இதுகள் பொழுதுபோக்குக்கு எடுத்த படங்கள் இல்லை. உலக யுத்தம் நடக்கேக்கை எடுத்தது. துவக்குக் கொம்பனி துவக்குச் செய்தது, கப்பல் கொம்பனி கப்பல் செய்தது, ஹொலிவூட்காரன் தைரியம் செய்தவன். வீட்டிலை இருக்கிற சனத்தின்ரை மனம் விழுந்துபோச்செண்டால் முன்னுக்கு நிக்கிறவனாலை ஒண்டும் ஏலாது. அதுக்காக அரசாங்கமே கேட்டு எடுப்பிச்ச படங்களும் இருக்கு." அதைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் படம் வேறு மாதிரித் தெரியும். அவர்களுக்கும் சீனிக்கு வரிசை. அவர்களுக்கும் யன்னலில் கறுத்த துணி. நிலத்தடி அறைக்குள் ஒதுங்கியிருந்து ஒருவர் பகிடி விட, மற்றவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுப் பங்கருக்குள் நாங்கள் இருந்தது போலவே. ஒரு படத்தில் கடையில் மேசு என்கிற நீளக் காலுறை கிடைக்காத ஒரு பெட்டை, மேசு போட்டதுபோலத் தெரியவேண்டும் என்று தன் கெண்டைக்காலில் பென்சிலால் நேர்கோடு கீறினாள். மாஸ்டர் அதை விளங்கப்படுத்த, பின்னுக்கிருந்த மீன்காரி மாமி, "எங்களுக்கு உந்தக் கரைச்சல் இல்லை மாஸ்டர். தோட்டத்துச் சேறு முழங்கால் மட்டும் மேசு போட்டு விடுகுது," என்றா. கொட்டில் முழுக்கச் சிரித்தது. அந்த நாட்களில் அப்படிச் சிரித்த இடம் எனக்கு வேறு ஞாபகமில்லை.

கொஞ்சுகிற காட்சி வந்தால் மாஸ்டர் சால்வையை எடுத்துப் பெட்டிக்கு மேலே போட்டுவிடுவார். "இப்ப ரெண்டு பேரும் பயணம் சொல்லுகினம்," என்று சொல்லிவிட்டு, சால்வையின் ஒரு முனையைத் தூக்கித் தான் மட்டும் பார்ப்பார். "மாஸ்டர், நெடுகப் பயணம் சொல்லுகினம் போலை கிடக்கு," என்பா மீன்காரி மாமி. "தூரப் பயணம் மாமி, பொறுங்கோ," என்பார். கப்பல் கப்டனைத் தண்டயல் என்பார். பாதிரியாரை ஐயா என்பார். படத்தில் வருகிற பெண்களுக்கெல்லாம் அக்கா, மச்சாள், சின்னம்மா என்று முறை வைத்துத்தான் கதை சொல்வார். அவர் கூட்டியும் குறைத்தும் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். சால்வை விழுந்தால் அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். ஒளிப்பதைக்கூட எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் செய்கிறார் என்பதால்தான் அவரை அவ்வளவு நம்பினோமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

நான் தந்திப் படம் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் வீட்டை விட்டுப் போய் மூன்று கிழமை. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை என்பதால், பேறுகாலத்துக்கு வேண்டிய மருந்தும் பால்மாவும் சவர்க்காரமும் வாங்கிவர வவுனியாவுக்குப் போனார். சைக்கிளில் போய், கடல்நீரேரியைப் படகில் தாண்டி, அங்காலை மறுபடி சைக்கிள். பத்து நாளில் வருவேன் என்றவர். ஏரியில் படகுகளுக்குத் துவக்குச்சூடு விழுகிறது என்று கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. ஆரிடம் கேட்டாலும், "அந்தப் பக்கம் மறிச்சு வைச்சிருக்கினம், பாதை திறக்க வருவார்," என்றார்கள். அண்ணன் என்னைப் படத்துக்கு வரவேண்டாம் என்றுதான் அன்று காலை சொன்னார். வீட்டில் தனியே இருக்க ஏலாமல் நான் போனேன். அண்ணன் கொட்டில் வாசலில் நின்றுவிட்டார்.

படத்தில் வந்த தாய் பரசூட் தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். ஒரே மகன், கப்பற்படையில். மாஸ்டர் அவளைப் பெரியம்மா என்றார். நீளமான மேசைகளில் வெள்ளைத் துணி மலைமலையாகக் கிடக்க, பெண்கள் வரிசையாக இருந்து தைப்பார்கள். மகனின் கடிதம் வந்தால் பெரியம்மா அதை எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பாள். பிறகு கடிதம் நின்றுபோகும். கடைசியில் ஒரு காலைநேரம், வயதான தந்திக்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வருவார். தந்தியை வாசித்த பெரியம்மா கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு அதை நாலாக மடித்து மேலங்கிப் பையில் வைப்பாள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கண்ணாடியில் சரிபார்த்து, கதவைப் பூட்டிவிட்டு வேலைக்கு நடப்பாள். அவள் உள்ளே வர, தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரும் எழும்பி நிற்பார்கள். அவள் தன் இடத்தில் இருந்து ஊசியில் நூல் கோப்பாள். படம் முடிந்துவிடும்.

எனக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால் வாய் திறக்கிற பழக்கம் இல்லை. அன்றைக்கு என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "மகன் இருக்கிறான் எண்டு சேதி வந்தும் அவ ஏன் மாஸ்டர் சிரிக்கேல்லை?"

மாஸ்டர் கசெற்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "வெள்ளைக்காரர் அப்பிடித்தான் பிள்ளை. சந்தோசத்தை வெளியிலை காட்டாயினம்," என்றார்.

அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அந்தப் பெரியம்மாவின் மகன் உயிரோடிருந்தால் இவரும் இருப்பார். ஆரும் சொல்லித்தராமல் நானே எனக்குள் போட்ட முடிச்சு அது. மகள் பிறந்தாள். இடம்பெயர்ந்தோம். கிளம்புகிற ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் போகிற ஊரின் பெயரைக் கரிக்கட்டியால் எழுதிவிட்டுப் போனேன், அவர் தேடி வந்தால் தெரியட்டும் என்று. காணாமல் போனவர்களைத் தேடித்தருகிறவர்களிடம் படிவம் கொடுத்தேன். முன்னமே சிட்னிக்கு வந்துவிட்ட அண்ணன் எங்களைக் கூப்பிட்டபோது, இங்கேயும் முதல் வேலையாக விலாசத்தை அவர்களுக்கு அறிவிக்கச் சொன்னேன். அண்ணன் எழுதிக்கொடுத்தார். என் கணவரின் பெயரை இரண்டுதரம் பிழையாக எழுதிக் கிழித்தார். நான் அதை வயது என்று நினைத்தேன். லிட்கத்தில் ரயில் பாதையோரம் எடுத்த இரண்டு அறை வீட்டிலேயே இத்தனை வருடமும் இருந்துவிட்டோம். மகள் படித்து நல்ல வேலைக்குப் போன பிறகும் நான் அசையவில்லை. "அப்பாவைத் தேடுறவையிட்டை இருக்கிறது இந்த விலாசம்," என்பேன். அவள் ஒருநாளும் மறுத்துக் கதைத்ததில்லை.

ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்து மடிக்கிற தொழிற்சாலையில் பதினேழு வருடம் வேலை செய்தேன். நீளமான மேசை, மலைமலையாக வெள்ளைத் துணி. முதல்நாள் உள்ளே போனபோதே எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. காலையில் கண்ணாடி பார்த்துக் குங்குமம் வைத்து, கதவைப் பூட்டிவிட்டு நடக்கும்போது அவளைப்போல முதுகை நிமிர்த்திக்கொள்வேன். மனம் கீழே விழுகிற நாட்களில் அவள் நடந்த நடையை நினைப்பேன். மாஸ்டர் சொன்னதுபோல அந்தப் படம் தன் வேலையைச் செய்தது. ஒரு பிள்ளையை வளர்த்து எடுக்கும் வரைக்கும் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. மகளுக்கும் நித்திரைக்கு முன் அந்தக் கதையைத்தான் சொல்வேன். தந்தி வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். அவள், "இருக்கிறான்," என்று முடித்து வைப்பாள். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பொருந்தவில்லை. வெள்ளைக்காரர் சந்தோசத்தை வெளியே காட்டமாட்டார்கள் என்று மாஸ்டர் சொன்னார். என்னோடு துணி மடித்தவர்கள் ஒரு கேக் துண்டுக்கே கைதட்டிச் சிரித்தார்கள், பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டி அழுதார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் வேறு மாதிரியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் மாரிகாலத்தில், எங்கள் முதியோர் சங்கத்துப் பெண்கள் சிலர் நூலகத்தில் புதன்கிழமை மத்தியானம் பழைய படம் போடுகிறார்கள், தேத்தண்ணியும் பிஸ்கற்றும் தருகிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். போரின்போது எடுத்த படங்கள் என்று ஒரு தொடர். அந்தக் கிழமை மற்றவர்கள் வரவில்லை, நான் மட்டும் போயிருந்தேன். வெள்ளைத் துணி மலை திரையில் வந்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடத்துக்குப் பிறகு சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது. சின்னப் பெட்டியில் பார்த்த பெரியம்மா இங்கே சுவர் அளவுக்கு நின்றாள். கிழவர்களுக்குக் காது கேளாது என்று கீழே எழுத்தும் ஓடியது. அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவிக்குத் தமிழில் சொல்லவேண்டும்போல் இருந்தது.

தந்திக்காரர் சைக்கிளைச் சாய்த்தார். கடதாசி திரையை நிறைத்தது.

இங்கே வந்து நான் கிழமைக்கு இரண்டு நாள் இலவச வகுப்புக்குப் போய் இங்கிலீசு எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். ஆனால் 'ரிக்ரெட்' என்ற சொல் எனக்குத் தெரியும். என் தங்கைக்கு விசா கேட்டு எழுதியபோதெல்லாம் குடிவரவு அலுவலகத்தில் இருந்து வந்த கடிதங்கள் அந்தச் சொல்லில்தான் தொடங்கின. நல்ல சேதி சொல்கிற கடிதத்தில் அந்தச் சொல் வராது. அடுத்த சொற்களைக் கூட்டிப் பார்க்க முதல் கடதாசி மறைந்துவிட்டது. நான் பக்கத்துக் கிழவியின் கையைத் தொட்டு, "சன், கம் ஹோம்?" என்று கேட்டேன். அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தா. "நோ, லவ். ஹீ இஸ் டெட்," என்று சொல்லி எனக்கும் ஒரு ரிஷ்யூக் கடதாசி உருவித் தந்தா. திரையில் பெரியம்மா தொப்பியைத் தலையில் வைத்துச் சரிபார்த்தாள். நடந்தாள். பெண்கள் எழும்பி நின்றார்கள். அவர்கள் ஏன் எழும்பினார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் சிரிக்காததற்கும் காரணம் விளங்கியது. பதினேழு வருடமாக அவளுடைய நடையை நான் நடந்திருக்கிறேன், அவளுடைய பைக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல்.

ஒரு கிழமை ஆரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சனத்தின் மனம் நோகக்கூடாது என்று மாஸ்டர் மாற்றிச் சொல்லியிருப்பார், சால்வை போட்டதுபோல இதுவும் ஒன்று, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அவருடைய குரல் பிந்தி வந்தது என்னை விடவில்லை. அண்ணன் வரவேண்டாம் என்றது விடவில்லை; கேட்க அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. பின்னுக்கு விம்மியது ஆர் என்று யோசித்தேன். அது மீன்காரி மாமி. அந்த மனுசி சந்தோசத்துக்கு அழுகிற ஆள் இல்லை. கடைசியில் மகளிடம் சொன்னேன். "எனக்கு மாஸ்டரைப் பாக்கவேணும்." மாஸ்டர் மெல்பேர்ணில் மகனோடு இருக்கிறார் என்று தெரியும், வருடப்பிறப்புக்கு ஒரு தரம் தொலைபேசியில் கதைப்போம். மகள் என்ன ஏது என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. "சரி அம்மா, ஃபிளைட் பாக்கிறன்," என்று மட்டும் சொன்னாள்.

நானும் மகளும் போய்ச் சேர்ந்த மெல்பேர்ண் புறநகர் டார்னெய்ட்டில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன. தெருவோரத்து மரக்கன்றுகளைத் தடியோடு கட்டிவிட்டிருந்தார்கள், காற்று அவற்றை முறித்துவிடும்போல் வீசியது. மாஸ்டருக்கு எண்பத்து நாலு. யன்னலோரக் கதிரையில், மடியில் போர்வையோடு, சத்தத்தை நிறுத்திவிட்டு கிரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். "இருங்கோ மாஸ்டர்," என்றேன். முதலில் மருந்து, முழங்கால், குளிர் என்று கதை போனது. நான் தந்திப் படத்தை நூலகத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஓம், பரசூட் தைக்கிற பெரியம்மா. அதை அதுக்குப் பிறகும் சனம் மூண்டுதரம் கேட்டுப் பாத்ததெல்லே."

"அந்தத் தந்தியிலை என்ன எழுதியிருந்தது மாஸ்டர்?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப இங்கிலீசு வாசிப்பியள் போலை," என்றார்.

"கொஞ்சம்."

பிறகு அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்குக் காலை, என் கணவரோடு ஒரே படகில் வந்த ஒருவர் கையில் காயத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார். படகில் சூடு பட்டு ஏழு பேர் செத்ததையும், அக்கரையில் ஒரு பனங்கூடலுக்குள் அவர்களை அடக்கம் செய்ததையும், அதில் என் கணவரும் ஒருவர் என்பதையும் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு வாங்கின பால்மாப் பேணிகள் படகுக்குள் உருண்டுகொண்டிருந்தனவாம். மாஸ்டரும் அண்ணனும் கொட்டிலுக்குப் பின்னால் நின்று முடிவெடுத்தார்கள். "உங்கடை அண்ணர் அழுதுகொண்டு சொன்னவர், இப்ப சொன்னால் வயித்திலை இருக்கிறதும் போயிடும், பெறட்டும் மாஸ்டர் எண்டு. எனக்கும் அதுதான் சரியாப் பட்டது. படத்திலை தந்தி வரும் எண்டதையே நான் மறந்துபோனன். அந்தாள் சைக்கிளைச் சாத்த, நான் திரும்பிப் பாக்கிறன், நீங்கள் வயித்திலை கையை வைச்சுக்கொண்டு முன்னுக்கு இருக்கிறியள். என்ரை வாய் தன்பாட்டிலை சொல்லிப்போட்டுது."

"கொட்டிலுக்குள்ளை எத்தினை பேருக்குத் தெரியும்?"

"பாதிப்பேருக்கு."

"பிள்ளை பிறந்தாப் பிறகு?"

"இடம்பெயர்ந்தம். ஆர் எங்கை போனது எண்டே தெரியாது. பிறகு அண்ணர் சொல்லியிருப்பார் எண்டு நான் நினைச்சன். அவர், நான் சொல்லியிருப்பன் எண்டு நினைச்சிருக்கிறார். ரெண்டு பேரும் ஆளையாள் கேட்டு அறிய கனகாலம் போச்சு. அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை சொல்லுறது?"

எனக்குச் சத்தமாகக் கதைக்க வராது. அதுவும் மாஸ்டருக்கு முன்னால் வரவே வராது. மடியில் இருந்த கைலேஞ்சித் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சனத்துக்குத் தைரியம் குடுக்கத்தான் அந்தப் படத்தை எடுத்தது எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள் மாஸ்டர். அப்பிடி எடுத்தவங்களே அந்தத் தாய்க்கு உண்மையைச் சொன்னவங்கள். சொல்லிப்போட்டுத்தான் நடக்கவிட்டவங்கள். அவ தாங்குவா எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கேன் மாஸ்டர் நீங்கள் சொல்லேல்லை?"

"அவங்கள் எழுதினது படத்திலை இருக்கிற மனுசிக்குப் பிள்ளை," என்றார் மாஸ்டர். "என்ரை முன்னாலை இருந்தது நீங்கள்."

அவர் சொன்னதில் ஒரு அன்பு இருந்தது என்பது எனக்கு விளங்கியது. அந்த அன்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை என்பதும் விளங்கியது. அதோடு எழும்பி வந்திருப்பேன். மாஸ்டர்தான் ஆறுதல் சொல்வதாக நினைத்து என் மகளைக் கையால் காட்டினார். "அதுக்காகத்தான் இவ கேட்டவுடனை ஒளிக்காமல் சொன்னனான். திகதி, திதி எல்லாம் குடுத்தனான். வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு எடுத்துக் கதைக்கிறவ. நல்ல பிள்ளை."

மகள் தலையைக் குனிந்திருந்தாள். அவளுடைய காதுமடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் பிடிபட்டாலும் அவளுக்கு அப்படித்தான்.

விமான நிலையத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். மாஸ்டரிடம் கேட்டபோது அவளுக்குப் பத்தொன்பது வயதாம். அவளுடைய மாமா, என் அண்ணன், கடைசி நோயில் படுத்திருந்த நேரம், மாஸ்டரைக் கேள் என்றாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தகப்பன் இல்லாத பிள்ளைகள் பிடிக்கிற விரதத்தை அவள் பிடித்திருக்கிறாள். சாப்பிடாததற்கு என்னிடம் இரத்தப் பரிசோதனை என்றிருக்கிறாள். ஒரு வருடம் வேலையிடத்தில் கூட்டம் என்றிருக்கிறாள். காலையில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய், பின்னேரம் காருக்குள் இருந்து மரக்கறிச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தனியே விரதம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நான் வைத்த மீன்குழம்பை "வயித்துக்குச் சரியில்லை," என்று தள்ளி வைத்திருக்கிறாள். நானோ அடுத்த நாள் அவளுக்கு ஓமத்தண்ணி அவித்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஐ வோண்டட் டு டெல் யூ," என்றாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "எத்தினையோதரம் வாய்வரைக்கும் வந்தது அம்மா. நீங்கள் தாங்க மாட்டியள் எண்டு நினைச்சன்."

"நான் தாங்காததைச் சொல்லு," என்றேன். "ஒண்டைச் சொல்லு பாப்பம்."

ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே, வந்து தட்டுவார் என்று நான் காத்திருந்த கதவுக்குப் பின்னால், அந்த இரண்டு அறை வீட்டில் அவள் என்னோடு பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறாள். அதை நினைக்க அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, அவள் பக்கத்தில் இருந்து எழும்பி வேறு கதிரைக்குப் போகவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. விமானத்துக்குக் கூப்பிட்டார்கள், போனோம். வீட்டுக்கு வந்த பிறகும் கனநாள் அளந்துதான் கதைத்தோம். மாஸ்டரின் மகன் இரண்டுதரம் அழைத்து, அப்பா என் கோபம் தீர்ந்ததா என்று கேட்கிறார் என்றான். வணக்கம் சொல்லச் சொன்னேன். குங்குமத்தை என்ன செய்தேன் என்று சங்கத்தில் சிலர் கண்ணால் கேட்கிறார்கள். அது என் வீட்டு விஷயம்.

இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு முதல்நாள், மகள் கடையில் இருந்து காத்தோட்டிக்காய் உறைபனிப் பொதி ஒன்று வாங்கிவந்து குசினி மேசையில் ஒளிக்காமல் வைத்தாள். அன்றைய சமையலுக்கு அந்தக் கைப்புக் காய் வேண்டும். நான் அதை வெட்டி, புளியில் ஊறவைத்தேன். காலையில் அவளோடு கோயிலுக்குப் போனேன். மண்டபம் நிறையச் சனம், எல்லோர் கையிலும் தட்டம். அரிசி, வாழைக்காய், பூசணி, பருப்பு என்று தகப்பனின் பேரில் ஐயருக்குக் கொடுக்கிற தட்டம் எங்கள் கையிலும் இருந்தது. எங்கள் முறை வந்தது. மகள் தகப்பனின் பெயரைச் சொன்னாள், நட்சத்திரத்தைச் சொன்னாள். அந்தப் பெயரை அப்படி ஒரு இடத்தில் நான் முதல்தரம் கேட்டேன்.

"ஆட்டத்திவசம் முடிஞ்சுதோ?" என்று ஐயர் கேட்டார். முதல் வருடத்துத் திவசம் செய்யாதவர்களுக்குக் கிரியை வேறு என்பதால் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"முப்பது வருசத்துக்கு மேலை ஐயா," என்றாள் மகள்.

பின்னுக்கு நீள வரிசை நின்றது. முன்பின் தெரியாத முகங்கள். நான் தட்டத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"இல்லை ஐயா. இன்னும் முடியேல்லை. இது முதல் வருசம்."

ஐயர் என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவள் தட்டத்தின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். எங்கள் தட்டத்தைத் தனியாக ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு, "அப்ப கொஞ்சம் இருங்கோ அம்மா," என்று எனக்கு ஒரு பலகையைத் தள்ளிவிட்டார். நான் இருந்தேன்.